பழனிக்குப் போன மயில்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைப்பேன்; பேனாவை எடுத்தால் கை ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அழாமல் எழுத முடியுமா என்ற பயம் வேறு. இந்தக் கார்த்திகைக்கு விளக்கேற்றியபோது முருகன்தான் தைரியம் கொடுத்தான்.

எண்பதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. வீட்டுக்கார அம்மா கிறிஸ்தவர். வாய் கொஞ்சம் காரம். சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டாலே வந்து நின்றுவிடுவார்.

எங்கள் மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் அடுப்புக்கரியால் கூடத்துச் சுவரில் முருகனை வரைந்துவிட்டாள். வேல் சரியாக வந்தது, மயில்தான் கோழியாகிவிட்டது.

எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, “ஏண்டி, செவத்தையும் கெடுத்து, சாமியக் கோழி மேல வேற உக்கார வச்சிருக்கியே!” என்று அதட்டினார்.

இவள் அசரவில்லை. “மயிலு பழனிக்குப் போயிருக்கு. அது வார வரைக்கும் கோழி.”

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் மகள் எங்களை விட்டுப் போய்விட்டாள். அவளை ஒரு போட்டோகூட எடுத்து வைத்ததில்லை. அந்தச் சுவர்ப் படம்தான் மிச்சம். கரி அல்லவா, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். முந்தானை படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடப்பேன்.

மார்கழி பிறந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரிசை முழுக்க வெள்ளையடிப்பது அந்த அம்மாவின் வழக்கம். “எங்களுக்குக் கிறிஸ்துமஸ், உங்களுக்குப் பொங்கல், ரெண்டுக்கும் ஒரே சுண்ணாம்பு” என்பார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொந்த வீடா என்ன?

ஒரு காலை, அன்றே வெள்ளையடிப்பார்கள் என்று தெரியாமல், வழக்கம்போல் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பினேன். தெருவிலேயே சுண்ணாம்பு வாடை. எங்கள் கதவு திறந்து கிடந்தது. அர்ச்சனைத் தட்டை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன்.

மூன்று சுவரும் வெள்ளை. நாலாவது சுவருக்கு முன்னால் முக்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், முதுகு படத்தில் படாமல் முன்னால் குனிந்தபடி. புடவையெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்பு.

“செத்த தள்ளுங்கம்மா, இதையும் அடிச்சிட்டுப் போறேன்” என்று வெள்ளையடிப்பவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“என் மேல அடிச்சிட்டுப் போ. இந்த எடத்துல கை வைக்காதேன்னு எம்புட்டுத் தடவ சொல்றது?”

என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. “பயந்துட்டியாத்தா? மயிலு இன்னும் பழனியிலருந்து வரலையே. அது வார வரைக்கும் கோழி இருக்கட்டும்.”

அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அன்று சாயங்காலமே தன் கல்யாண போட்டோவின் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வந்தார். “நாங்க இருக்குற அழகுக்குக் கண்ணாடி ஒரு கேடா?” என்றார். கணவர் பட்டறையிலிருந்து பித்தளைத் தகடு கொண்டுவந்து, கண்ணாடி கரியில் உரசாதபடி மூலைகளில் பொருத்தினார். ஆணி அடிக்கும்போது அந்த அம்மாவே விளக்குப் பிடித்தார்.

பிறகு நாங்கள் வீடு மாறிவிட்டோம். அடுத்து வந்தவர்களிடமும் அந்த அம்மா படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் சாவி கொடுத்தார். அவர் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்த பின் அவர் மகனும் அப்படியே. கார்த்திகைதோறும் அங்கே போய் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வருகிறேன். என் மகளின் கைவேலையைக் காக்க முருகன் வேறொரு கோயிலிலிருந்து ஆள் அனுப்பினான் என்றே இன்றும் நம்புகிறேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். அழகுக்காகக்கூட அந்தக் கோழியை மயிலாக்கிவிடாதீர்கள்.