துருப்பிடித்த திருகு

எழுபதுகளின் கடைசியில் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜீப் ஓட்டினேன். பழைய வண்டி. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால், இறங்கிப்போய் முன்சக்கரங்களின் நடுவே இருக்கும் திருகுகளைக் கையால் திருப்ப வேண்டும். வாரம் ஒருமுறை அவற்றுக்குக் கிரீஸ் வைப்பது என் வேலை. வெயில் காலம்தானே என்று மாதக்கணக்கில் தொடவே இல்லை. கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி கேட்டால், "வச்சாச்சு ஐயா" என்பேன்.

முதல் பெருமழையன்று பால்மரம் வெட்டும் ஆரோக்கியத்தின் மனைவிக்குப் பிரசவ வலி. பின்னால் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஆரோக்கியம் அவள் தலையை மடியில் தாங்கியிருந்தான். செம்மண் மேட்டில் வண்டி புதைந்தது. இறங்கித் திருகைப் பிடித்தேன். துருவேறி இறுகிக் கிடந்தது. சேற்றில் முட்டி போட்டு, விரல் தோல் உரிய முறுக்கினேன். அசையவில்லை. அந்தப் பெண்ணின் அலறல் மெல்ல மெல்ல முனகலானது.

வெகுநேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்து இழுத்தது. ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா?" என்றார் நர்ஸ்.

அடக்கம் முடிந்ததும் ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பழைய வண்டிதானே, நீங்க என்னண்ணே செய்வீங்க? அந்த மழையில சக்கரத்துக்கிட்ட முட்டி போட்டு எங்களுக்காக ஜெபம் பண்ணீங்களே, பாத்தேன். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

அதன்பின் ஒரு வாரம்கூடத் தவறாமல் கிரீஸ் வைத்தேன். இரண்டு விரலாலேயே திருகு திரும்பியது.