டேங்க்காரர் தொட்ட குழாய்

வேலையில் சேர்ந்த முதல் நாள். எங்கள் வீட்டுக்கே முதல் பட்டதாரி என்ற மிதப்போடு, புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். கையில் டிபன் கேரியரோடு ஒருவர் நின்றிருந்தார். எரிபொருள் தொட்டிகளுக்குப் பொறுப்பாளர், எல்லோருக்கும் டேங்க்காரர். விமான எரிபொருளைச் சோதிக்கும் அக்கா அவருடைய மனைவி.

“கெமிஸ்ட்ரியா படிச்சீங்க? அப்ப இதப் பாருங்க” என்று தட்டிலிருந்த மெல்லிய உலோகக் குழாயை எடுத்து, விரலில் உருட்டிக் காட்டினார். இதைச் சூடாக்கி, மேலே எரிபொருளை ஓடவிடுவார்களாம். சூடு தாங்காமல் எரிபொருள் சிதைந்தால் குழாயில் கறை படியுமாம். அந்தச் சோதனை இயந்திரத்தைப் பெற்று வளர்த்தவர் போல அவ்வளவு பூரிப்பு. அக்கா வருமுன் வைத்துவிட்டு நழுவிவிட்டார்.

அக்காவின் சோதனை முடிந்து அந்தக் குழாய் வெளியே வந்தபோது நடுவில் பழுப்புக் கறை. தொட்டியின் எரிபொருள் சோதனையில் தேறாவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை டேங்க்காரர் நகர முடியாது. அன்று மாலைப் பேருந்தில் இருவரும் மகளின் பிரசவத்துக்குக் கிளம்புவதாக இருந்தது. பெட்டி மேசைக்கடியில் காத்திருந்தது.

ஓடிவந்தவர் குழாயைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். காலையில் தொட்டதை ஒப்புக்கொண்டார். வெறும் விரல் பட்டாலே கறை விழும். அங்கே இடுக்கி இல்லாமல் யாரும் குழாயை எடுப்பதில்லை.

அக்கா நம்பவில்லை. “பஸ்ஸுக்காகச் சொல்றீங்களா, நெஜமாவே தொட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். “தம்பி, நீங்க சொல்லுங்க.”

“தொட்டாருக்கா. உருட்டியே காட்டினாரு.”

“ஊருக்கெல்லாம் என் வேலைய வெளக்கத் தெரியுது. தொடக்கூடாதுன்னு மட்டும் தெரியல.”

புதுக் குழாயை இடுக்கியால் எடுத்து மறுபடி சோதனையைத் தொடங்கினார். அது சீக்கிரம் முடிகிற காரியமில்லை. பேருந்து போய்விட்டது. டேங்க்காரர் வாசல் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது குழாயை விளக்கடியில் பார்த்த அக்கா அதை இடுக்கியோடு என்னிடம் நீட்டினார். “என் கண்ணு இன்னிக்கு அவர் பக்கம் சாயும். நீங்களும் பாருங்க.”

கறையின் அளவைக் காட்டும் வண்ண அட்டையோடு வைத்து ஒப்பிட்டேன். கறையே இல்லை. நான் சொன்ன பிறகுதான் அக்கா சிரித்தார்.

அடுத்த பேருந்தில் போய்ச் சேர்ந்தார்கள். பேத்தி முந்திக்கொண்டுவிட்டாள்.

இப்போது அவள் நடக்கிறாள். அக்கா அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார். டேங்க்காரர் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறார். கேரியரை வைத்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.