கேட்டில் பிடிபட்ட என் மல்டி டூல்

மெயின்டனன்ஸ் வேலையில் ஒரு ஸ்க்ரூ லூஸ் ஆனாலும் டூல் ரூமுக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு முடிவு கட்டத்தான் ஒரு மாதம் ரிவ்யூ வீடியோவாகப் பார்த்து, பிளையர், ஸ்க்ரூ டிரைவர், கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டி டூல் ஒன்றை வாங்கினேன்.

இன்றுதான் அதை வேலைக்கு எடுத்துப்போன முதல் நாள். ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டில் எங்கள் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் செக்யூரிட்டி அண்ணனிடம் பெருமையாகவே காட்டினேன்.

ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கத்தி வந்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா, கத்தி கீது. இத்தோட உள்ள வுட்டா என் வேலை பூடும்."

"ஸ்க்ரூ கழட்டத்தாண்ணா."

"ஆயுதம்னா ஆயுதம்தான். இங்க வெச்சுட்டுப் போ, ஷிஃப்ட் முடிஞ்சு வாங்கிக்கோ."

நாள் முழுக்கப் பழையபடி டூல் ரூமுக்கு ஓடினேன்.

ஷிஃப்ட் முடிந்து செக்யூரிட்டி கேபினுக்குப் போனால், மேஜைமேல் பேப்பர் விரித்து ஒரு பலாப்பழம். அதில் பாதிவரை இறங்கியிருக்கிறது என் கத்தி. பிளையர் மடிப்பு முழுக்கப் பலாப்பால்.



"வாம்மா. நல்லா ஷார்ப்பா கீது. ரெண்டு சுளை எடுத்துக்கோ" என்றார் அண்ணன்.

காலையில் ஆயுதம், மாலையில் அரிவாள்மணை.

சுளை தேனாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். டூலைப் பேப்பரில் துடைத்துக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "நாளைக்கும் எடுத்தாருவியா? பாதிப் பழம் மீதி கீது."

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பிளையர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

கத்தியே இல்லாத மல்டி டூல் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் நாளை எங்கள் கேட்டுக்குச் சுளை சாப்பிட வாருங்கள்.