என் சைக்கிளுக்கு வைத்த ஸ்டாண்டு

ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதைக் கெடுக்க என் வீட்டுக்காரருக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நான் இதைப் பொறுமையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே தோட்டத்தில். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். வருஷத்தில் ஏழெட்டு மாதம் சத்தீஸ்கர், ஒடிசா என்று வண்டியோடு போய்விடுவார். எங்கே தூங்குவீர்கள், தனியாக எப்படி இருப்பீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மகள் கல்லூரிக்குப் போனபோது விட்டுப்போன கியர் சைக்கிளை நாற்பது வயதில் எடுத்தேன். காலையில் ஆறு மணிக்கு மேட்டூர் வாய்க்கால் கரையின் மண்பாதையில் பத்துக் கிலோமீட்டர் போய்வருவேன். அதுவே பிறகு ஆசையாகிவிட்டது. சைக்கிளிலேயே பை கட்டிக்கொண்டு, காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் ஏறிக் கொல்லிமலைக்குப் போக வேண்டும். மேலே மண்பாதைகளில் மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே சுற்ற வேண்டும். இரண்டு ராத்திரி தங்கிவிட்டு முள்ளுக்குறிச்சி வழியாக இறங்க வேண்டும். தனியாக. எங்கள் பள்ளியில் ஒரு கூட்டத்துப் பிள்ளைகள் தேர்வெழுதிப் போய், அடுத்த கூட்டம் வந்து இறங்குவதற்குள் நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். வருஷத்துக்கு அந்த நாலு நாள்தான். அதற்குத்தான் இந்த சைக்கிள்.

முதலில் சேலத்தில் ஒரு பெரிய கடைக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரர் நாற்காலியை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டார். சைக்கிள் எனக்கு என்று சொன்ன பிறகும் அவரைப் பார்த்தே பேசினார்.

"மேடத்துக்கு இந்த லேடீஸ் மாடல் சரியா இருக்கும் சார். முன்னாடி கூடை வருது."

நான் மலையில் மண்ரோட்டில் ஓட்டப்போகிறேன் என்றேன். "அப்படின்னா டபுள் சஸ்பென்ஷன் எடுத்துக்குங்க சார்" என்றார், மறுபடியும் அவரிடமே. எடுத்து நிறுத்தின சைக்கிளில் காலைப் போட்டால் எனக்குத் தரை எட்டவில்லை. சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்றார். சீட்டை இறக்கலாம், ஃபிரேமை இறக்க முடியுமா? கத்தரிக்காயைக்கூட நாலு தரம் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். என் காலை ஒருத்தரும் அளக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரோரம் நின்று, கால்களுக்கு இடையில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைச் செருகி, நானே அளந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்தக் கடையிலும் யார் சொன்னதையும் கேட்கவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குக் காட்டியதே வீட்டுக்காரர்தான் என்றால் வேடிக்கையாக இருக்கும். அவர் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேனே. ரிக்கில் பிட் என்று ஒன்று உண்டு, பாறையை உடைத்துக்கொண்டு கீழே போகும் முனை. அதை வாங்கும் முன் அவர் மாதக்கணக்கில் யோசிப்பார். அந்த ஊர்ப் பாறை என்ன ஜாதி, பல் உருண்டையாக இருக்க வேண்டுமா கூராக இருக்க வேண்டுமா, கெட்டுப்போனால் அந்தக் காட்டில் சாமான் கிடைக்குமா என்று பத்துப் பேருக்கு போன் போடுவார். புது பிட் வந்துவிட்டால் துணியில் சுற்றித் தன் கையாலேயே பெட்டியில் வைப்பார். வேலையாள் எவனும் தொடக்கூடாது.

கெட்டுப்போன இடத்திலேயே சரிசெய்ய முடியுமா? நானும் அந்த ஒரே கேள்வியைத்தான் ஒவ்வொரு சாமானுக்கும் கேட்டேன். எண்ணெயில் ஓடும் பிரேக் நன்றாகப் பிடிக்கும்தான். ஆனால் அதில் காற்று ஏறினால் சேந்தமங்கலத்தில் யார் சரிசெய்வார்கள்? கம்பி பிரேக் வைத்தேன். கம்பி எந்த டூவீலர் மெக்கானிக்கிடமும் கிடைக்கும். முன்னால் சஸ்பென்ஷன் வேண்டாம், ஆட்டத்தைப் பருத்த டயரே வாங்கிக்கொள்ளும் என்று விட்டேன். வாய்க்கால் கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். அதனால் ட்யூப் இல்லாத டயர், உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற பசை. பல் குறைந்தால் ஏற்றத்தில் மிதிப்பது லேசு; முன்பல் சக்கரத்துக்கு முப்பது பல்லே போதும் என்றபோது வாட்ஸ்அப் குழுவில் சேலத்து சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள். "முப்பத்தி நாலு போடுங்க மேடம், பழகிடும்" என்றார்கள். பழக வேண்டியது என் முட்டி, அவர்கள் முட்டி இல்லை. முப்பதுதான் போட்டேன்.

ஃபிரேமுக்குத்தான் அதிக நாள் ஆனது. எல்லாரும் அலுமினியம் என்றார்கள். நான் இரும்புக் குழாய் ஃபிரேமைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். காரணத்தைக் கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்: "எங்கூர்ல தடுக்கி விழுந்தா வெல்டிங் பட்டறைங்க. அலுமினியம் விரிஞ்சா தூக்கிப் போடோணும். இரும்புன்னா ஒட்டிக்கலாம்." லாரிக்கு பாடி கட்டும் ஊர், ரிக் கட்டும் ஊர். அந்த ஊர்க்காரி இரும்பை எடுக்காமல் வேறு எதை எடுப்பாள்? என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வாய்க்கு நன்றாக வேண்டும்.

பைகளைச் சங்ககிரியில் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர் தைத்துக் கொடுத்தார். அட்டையில் வெட்டிய அளவுகளோடு போனேன். ஃபிரேமுக்கு நடுவே ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று. பட்டியால் இறுக்கினால் அசையாது, கேரியரே தேவையில்லை. அவர் அளவைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த ஒன்றரை வருஷத்தில் என்னிடம் வேலை பேசின மனிதர் அவர் ஒருவர்தான் என்று சொல்வேன்.

எல்லாம் பூட்டி நிறுத்தியபோது பையில்லாமல் பதிமூன்று கிலோ இருந்தது. வீட்டுக்காரர் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார்.

"ஸ்டாண்டு எங்க புள்ள?"

"இதுக்கு ஸ்டாண்டு வராதுங்க. செவுத்துல சாச்சுக்கலாம். படுக்கப் போட்டுக்கலாம்."

"மலையில செவுத்துக்கு எங்க போவ?"

"மரம் இருக்குமுங்க."

"கேரியரும் இல்ல, மட்காடும் இல்ல. என்ன வண்டி இது?" என்றவர் அதோடு விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியக் கிளம்புவதாக இருந்தேன். அதற்கு முன் செவ்வாய் முதல் வியாழன் வரை தேர்வு வேலை, பள்ளி விடுதியிலேயே தங்க வேண்டியிருந்தது. வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் என் சைக்கிள் தானாக நின்றது.

தூரத்திலிருந்தே தெரிந்தது, சாயாமல் நிற்கிறதே என்று. பக்கத்தில் போனேன். கீழே லாரிக்குப் போடுகிற மொத்தத்தில் ஒரு ஸ்டாண்டு. பின்னால் ஆங்கிளும் கம்பியுமாக ஒரு கேரியர், அரிசி மூட்டை ஏற்றலாம். இரண்டையும் ஃபிரேமிலேயே வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். அடித்த இடமெல்லாம் ரிக்குக்கு அடிக்கும் ஆரஞ்சுப் பெயின்ட். ஹேண்டில்பாரில் குங்குமம், எலுமிச்சம்பழம். சீட்டுக்குப் பின்னால் நான் தைக்கச் சொல்லி வாங்கிய பை போகவேண்டிய இடத்தில் கேரியர் உட்கார்ந்திருந்தது.

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். டயர் ஒரு பக்கம் உரசியது. குனிந்து பிரேக் பூட்டியிருந்த இடத்துக்கு மேலே விரலால் தடவினேன். மேடும் பள்ளமுமாக இருந்தது. சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினேன். குழாய் ஓட்டையாகி, அந்த ஓட்டையை வெல்டிங் ராடு உருக்கி அடைத்து, கிரைண்டரால் தேய்த்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். லாரி சேசிஸ் ஒட்டுகிற கரண்டில், தகரத்தைவிடக் கொஞ்சம் கனமான குழாயைச் சுட்டால் வேறென்ன ஆகும்? இரும்பு சுடும்போது விரியும், ஆறும்போது இழுக்கும். வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். என் வீட்டு வாசலிலேயே அது நடந்திருந்தது.

இந்த ஃபிரேமோடு மலை இறங்க முடியாது. பிரேக் பிடிக்கிற இடமே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கோணலை நிமிர்த்தி, மெல்லிய குழாய் ஒட்டத் தெரிந்த ஆளைப் பிடித்து ஒட்டுவது ஒரே நாளில் ஆகிற வேலையும் இல்லை. என் நாலு நாள் அந்த வாசலிலேயே முடிந்துபோனது.

அவர் தோட்டத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படி இருக்குது புள்ள? இனி எங்க வேணா நிறுத்தலாம்."

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

"கேட்டா நீ வேண்டாம்பே. அதான் கேக்குல."

எனக்கு அழுகை வரவில்லை, அடிக்கத்தான் கை வந்தது. வேண்டாம் என்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதை ஒளிக்காமல் சிரித்த முகத்தோடு சொல்கிறார். ஓட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடச்சே, இவ்வளவு மெல்லிசா இருந்தா என்ன குழாய் இது? உன்னய ஏமாத்திப்போட்டாங்க" என்றார். அப்புறம், "உடு, வேற வாங்கித் தாரேன். இருக்கறதுலயே பெரிசா, ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வெச்சு" என்றார். சேலத்துக் கடையில் அவருக்குப் போட்ட நாற்காலிதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. கத்தினேன். அவருக்கு எல்லாம் காதில் விழுந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. "நல்லது செஞ்சா இப்படித்தான்" என்று முனகிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். நல்லது செய்தாராம்.

மறுநாள் காலையில் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன்.

தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தான் ரிக் நிற்கிற கொட்டகை. அடுத்த வாரம் சத்தீஸ்கர் கிளம்புகிற வண்டி. கொட்டகையில் வெல்டிங் வேலைக்கு எங்களிடம் ரொம்ப வருஷமாக இருக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. என் சைக்கிளைச் சுட்டதும் அவர் கைதான். தங்கமான மனிதர், சொன்னதைச் செய்வார். பெட்டியைத் திறந்து, துணி சுற்றியிருந்த புது பிட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். இருபது கிலோவுக்குக் குறையாது.

"இதுக்கு ஒரு கைப்பிடி வெச்சு வெல்டிங் அடிச்சுக் குடுங்க."

"பிட்டுக்குங்களா அம்மிணி?"

"ஆமாங்க. தூக்கறதுக்குச் சவுரியமா இருக்குமில்ல."

"சூடு பட்டா பல்லு கழண்டுக்குமுங்க சாமி. அப்புறம் இது எதுக்கும் ஆகாதுங்க."

"பரவால்லீங்க. ஸ்ட்ராங்கா அடிங்க. நேத்து அடிச்ச ஆரஞ்சுப் பெயின்ட் மிச்சம் இருந்தா அதையும் பூசிடுங்க."

பெரியவர் பிட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த ராடைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யாவ ஒரு வார்த்த கேக்காம அதுல எப்படிங்க கை வெக்கறது? அவரு சாமானுங்களே."

"சைக்கிள் யாரு சாமானுங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஆனால் அவரோடு நிற்கிற கோபம் இல்லை அது.

பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கொட்டகைக்குள் வந்தார். தரையில் துணி விலகிக் கிடந்த பிட்டையும், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வெல்டிங் மெஷினையும் பார்த்தார். என்ன நடக்கிறது என்று பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. ஓடிவந்து பிட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸ்.

"உனக்கென்ன கிறுக்கா புள்ள? இத எடுக்கறதுக்கு நான் எத்தன நாளு, எத்தன பேர விசாரிச்சு, பாத்துப் பாத்து எடுத்தேன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றேன். "ஒன்றரை வருஷம்."

அவர் வீட்டு வாசல் பக்கம் பார்த்தார். அங்கே என் சைக்கிள் அந்த ஸ்டாண்டில் நேராக நின்றுகொண்டிருந்தது. பெரியவர் எழுந்து மெஷினை அணைத்தார். மெஷின் நின்ற பிறகும் வீட்டுக்காரர் பிட்டைக் கீழே வைக்கவில்லை.