இடக்கைக்காரரின் பட்டியல்

துப்பாக்கியைக் கையில் வாங்குமுன் ஹார்லன் நைகார்ட் தொப்பியைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைப்பார். தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார். சுண்டுவிரலை விட்டும் பார்ப்பார். பிறகு இடத்தோளில் ஏற்றி, கடைச் சுவரில் மாட்டியிருக்கும் மான் தலைக்கு மேலே கூரை மூலையைக் குறிபார்ப்பார். அரை நிமிடம்தான். "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"பதினோரு சனிக்கிழமையா பொண்ணு பாக்குறீங்கண்ணே. அது கெழவியாயிடப் போவுது" என்பார் கடைக்காரர் டார்வின்.

"வாங்குறதா, சாமான் வாங்கி நானே பூட்டுறதான்னு இன்னும் முடிவாகலப்பா."

மொன்டானாவின் கிழக்கு மூலையில் பள்ளிப் பேருந்துகளுக்கு இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பிரேக் மாட்டிவரும் மனிதர் அவர். தாமே பிரித்துப் பூட்டாத எதையும் நம்புவதில்லை; ரொட்டி வாட்டும் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே அதன் திருகாணிகள் சமையலறை மேசையில் வரிசை கட்டி நின்றன. இடக்கைக்காரர். தேவாலய விருந்தில் அடுத்தவர் முழங்கையில் இடிக்கலாகாது என்று எப்போதும் பந்தியின் இடக்கோடியிலேயே உட்காருவார்.

சென்ற வசந்தத்தில் கயோட்டி ஓநாய்கள் பதினான்கு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோயின. வீட்டிலிருப்பது அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் தாழை இழுத்துத் தள்ள வேண்டும். முதல் குண்டு தவறியது. இரண்டாவதை ஏற்றுவதற்குள் ஓநாய்கள் மேட்டைத் தாண்டிவிட்டன. இந்த மார்ச் பத்தாம் தேதி வாக்கில் ஆடுகள் ஈனத் தொடங்கும். இன்னொரு பதினான்கு போனால் மந்தையை விற்றுவிட வேண்டியதுதான். ஆகவே, அடுத்த குண்டு தானே ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ஒன்று வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறு இடத்தில். கடையிலிருப்பவை எல்லாம் சுட்டு முடித்த தோட்டாவின் சூடான வெற்றுக்கூட்டை வலப்பக்கம் வீசுபவை. இடத்தோளில் வைத்துச் சுட்டால் அது முகத்தின் குறுக்கே பறக்கும். பாகங்களைத் தேடி வாங்கிப் பூட்டினால் இடப்பக்கம் வீசும்படி அமைத்துக்கொள்ளலாம். அதற்கான பட்டியல் தீவனச் சீட்டின் முதுகில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. குழல் மட்டும் நான்கு முறை அடித்துத் திருத்தப்பட்டுவிட்டது. இதுவரை ஒரு திருகாணிகூட வாங்கியாகவில்லை.

பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை, அதே கடையின் தீவனப் பகுதியில் குட்டிகளுக்குப் பால்மாவு வாங்க வந்த அவருடைய மனைவி லவோன், மூட்டையை இடுப்பில் இடுக்கியபடி துப்பாக்கிப் பக்கம் வந்தார். கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடந்த பட்டியலை எடுத்துப் படித்தார்.

"இடப்பக்கமா வீசுற மாதிரியா பூட்டப் போறீங்க?"

"ஆமா. இல்லாட்டி மூஞ்சியிலல்ல அடிக்கும்."

"போன வருசம் ஓநாய் எப்ப வந்துச்சு?"

"பகல்லதான். பத்து, பத்தரை இருக்கும்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பஸ் கொட்டகையில."

"செருப்புகூட போடாம, உங்கப்பா துப்பாக்கியத் தூக்கிட்டுப் பனியில ஓடுனது யாரு?"

டார்வின் ஏற்கெனவே சுத்தமாயிருந்த கண்ணாடியைத் துடைக்கலானார்.

"எனக்கு வலக்கைங்க" என்றார் லவோன். "முப்பத்தோரு வருசமா அதே கையாலதான் காப்பி ஊத்துறேன்."

"நான் பாத்தேங்கா, நீங்க பணம் எடுத்ததும் வலக்கைலதான்" என்று டார்வின் மெல்லச் சாட்சி சொன்னார்.

"உன்னை யாருப்பா கேட்டா?" என்றார் ஹார்லன்.

லவோன் கையிலிருந்த பட்டியலை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து, நான்காக மடித்துத் தொப்பிக்குள் செருகினார். டார்வின் வழக்கம்போல் துப்பாக்கியை அவரிடம் நீட்டினார். ஹார்லன் தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். மனைவியின் இடுப்பிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார். துப்பாக்கியை லவோனின் வலத்தோளில் பொருத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அவருக்கு இடப்பக்கத்தில் நின்றார்.