மூலை மூடாத போர்வை

அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதத் தகுதியான படித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. அவர்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் பேனா கடைசித் தம்பியான என் கைக்கு வந்துவிட்டது. பிழை இருந்தால் அச்சகத்தைத் திட்டுங்கள்.

அக்கா தா.பழூர் பக்கம் பிறந்து, ஆண்டிமடத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, முந்திரி உடைத்தும் ஜாக்கெட் தைத்தும் ஒரே மகளைப் படிக்க வைத்தார். அவள் இன்று பெரம்பலூர்ப் பக்கம் ஆசிரியை.

யாராவது ஒரு வேலை செய்வதைப் பார்த்தால் அக்காவுக்குக் கால் நகராது. லப்பைக்குடிக்காட்டுத் தோழியிடம் பூவேலை, பஸ்ஸில் பழக்கமான யாரோ ஒருவரிடம் ஒயர் கூடை. பிடிபட்டதும் அடுத்ததற்குப் போய்விடுவார். வீடெங்கும் பிடியில்லாத கூடைகள். அரியலூர் வெயிலில் யாருக்கென்று தெரியாமல், ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர். கேட்டால், “எப்படின்னு தெரிஞ்சிபோச்சுல்ல, அப்பறம் என்னடா?” என்பார். ஐம்பதைத் தாண்டி ஸ்கூட்டர் கற்றபோது பின்னால் உட்காரும் தியாகி நான்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் அவர் புகுந்து போக, நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

பழஞ்சேலைகளை அடுக்கி, மேலே ஒட்டுத்துணி வைத்துக் கையால் தைக்கும் போர்வையை மட்டும் அக்கா கடைசிவரை விடவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் படுத்தது அதில்தான். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தைக்கும்போது ஒரு மூலையைத் தைக்காமல் விடுவார். குழந்தை அழுத பிறகே அதை மூடுவார். பிறக்கும் முன்னே எல்லாவற்றையும் தயாராக்கி வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பயம். போன முறை அக்கா மகளுக்குக் குழந்தை தங்கவில்லை. அந்தப் போர்வை திறந்த மூலையோடு பெட்டியிலேயே இருக்கிறது. இப்போது அவள் மறுபடி நிறைமாதம்.

இதயக் கோளாறோடு மருத்துவமனையில் கிடந்தபோதும் அக்கா நர்ஸிடம் பிரஷர் பார்க்கக் கற்றுக்கொண்டார். எனக்குப் பார்த்துவிட்டு, “என்னவிட ஒனக்குத்தாண்டா அதிகம், வந்து படு” என்று கட்டிலில் இடம் விட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புதுப் போர்வைய மூல வரைக்கும் கொண்டாந்துட்டேன். புள்ள அழுதப்பறம் நீ மூடிடு தம்பி.”

“எனக்கு நூல் கோக்கவே தெரியாதேக்கா.”

“கத்துக்க.”

அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அக்காவின் கைவேலைகளை அவர் படத்துக்கு முன்னால் வைக்க என் மனைவி ஆசைப்பட்டாள். பாதியாக வைத்தால் அக்காவுக்குக் குறை என்று பெண்கள் கூடி எல்லாவற்றையும் முடித்தார்கள். துக்கத்தில் என் மனைவியின் கை, பெட்டியோரம் இருந்த புதுப் போர்வையின் மூலையையும் மூடிவிட்டது. அக்கா மகள் அதை எடுத்துப் பார்த்தாள்.

“அத்தை, இத யாரு மூடுனது?”

என் மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் குழந்தையின் அசைவு தெரியவில்லை என்றாள். காரில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்கு ஓடினோம். ஜெயங்கொண்டம் தாண்டியதும் லாரிகள் வரிசையாக நின்றன. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, எதாச்சும் சொல்லுங்க. சிரிக்கிற மாரி.”

கல்யாண வீடு, சாவு வீடு எதையும் விட்டுவைக்காத என் வாய்க்கு அன்று ஒன்றும் வரவில்லை.

மருத்துவர் கருவியை வயிற்றில் வைத்ததும் தையல் மெஷின் ஓடுவது போல டகடகவென்று சத்தம் கேட்டது. துடிப்பு இருக்கிறது, ஆனாலும் கூடவே வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை வீடு திரும்பி நானும் என் மனைவியும் உட்கார்ந்து, எங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே, அந்த மூலையைத் தையல் தையலாகப் பிரித்தோம். பாதி பிரித்ததும் அவளிடமிருந்து பிளேடை நான் வாங்கிக்கொண்டேன்.

அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும், சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்த லப்பைக்குடிக்காட்டு அம்மாவுக்கும், பந்தல் போட்டது முதல் கூடவே நின்ற பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இது அச்சுக்குப் போகும் இந்நேரம்வரை அக்கா மகள் மருத்துவமனையில்தான் இருக்கிறாள். பிரசவம் எப்போது என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். பந்தியில் என்னைக் காணவில்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்து நூல் கோத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.