கேரட் பாத்திக்கு ஒரு விண்ணப்பம்

டவுனில் ஆஸ்பத்திரியும் ஹோட்டல்களும் கழித்துவிடும் தண்ணீரைச் சுத்தம் பண்ணி, மரக்கறி போடுகிறவர்களுக்குக் குழாயில் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக விண்ணப்பம் எழுதியவர் என் வீட்டுக்காரர். குடிக்க ஆகாது, பாத்திக்கு விடலாம். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயமே சிரித்தது. "கக்கூஸ் தண்ணியிலயா கேரட்டு வளக்கப் போறீங்க?" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. "வேணாம்னு கேரட்டு ஒங்ககிட்ட வந்து சொன்னிச்சா?" என்றார் இவர்.

எங்களுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் போடும் கேரட்டும் லீக்சும்தான் வீட்டை ஓட்டின. தை, மாசியில் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் வற்றினால் அதுவும் போச்சு. காம்பரா அவர் பேரில் பதிந்திருந்ததால் விண்ணப்பமும் அவர் பேரிலேயே போனது. அதற்குத் தோட்டத்தை நடத்தும் துரை தரவேண்டிய கடிதத்துக்கு மட்டும் மூன்று மாதம் ஆபீஸ் வாசலில் நின்றார்.

மார்கழிக் கடைசியில் கேரட் விதைத்தார். நாலாம் நாள் காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், கேரட் முளைத்துவிட்டதா என்று விசாரித்தேனாம்.

தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணிய மறுநாள் அவர் பேரில் ஒரு கடிதம். யாரும் வாய் திறக்காததால் பக்கத்துக் காம்பரா அக்கா கை நீட்டி வாங்கியிருக்கிறார். சாவு வீட்டில் கவர்மெண்டுக் காகிதத்தைக் கொடுக்கக்கூடாது என்று தன் அரிசி டின்னில் பத்திரமாக வைத்துவிட்டார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த பிறகுதான் கொண்டுவந்தார்.

"துக்கத்தில இருக்கிறவங்கள எதுக்கு அலைக்கழிக்கணும்னுதான் வச்சிருந்தேன் தங்கச்சி."

பிரித்தேன். குழாய் தர அனுமதியாகிவிட்டது. கடிதத் தேதியிலிருந்து பதினான்கு நாளுக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் விண்ணப்பம் ரத்து. அது தாண்டி நாலு நாள் ஆகியிருந்தது. அக்கா மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் வீட்டில் சாவு விழுந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

மறுநாள் டவுனிலுள்ள தண்ணீர் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். தாமதத்துக்குக் காரணம் காட்ட மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பையில் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், செத்துப்போன தன் அப்பாவின் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க வந்தவர். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை அவரிடம், "ஆள் இல்லன்னா விண்ணப்பமும் இல்லீங்க. தொர கடிதமெல்லாம் புதுசா வாங்கி, மொதல்ல இருந்து போடுங்க. ஒரு வருஷம் ஆகும்" என்றது.

பைக்குள் போன கையை வெறுமனே வெளியே எடுத்தேன். பாத்தியில் கேரட் ஊசி ஊசியாக முளைத்து நின்றது. ஒரு வருஷம் அது காத்திருக்காது. நானும் காத்திருக்க முடியாது.

"அஞ்சு நாள் பிந்திருச்சே. ஐயா ஏன் வரல்ல?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"அவருக்குச் சொகமில்லீங்க. நான் சம்சாரம்."

பொய் சொன்னால் எனக்கு நாக்குக் குழறும். அன்றைக்குக் குழறவில்லை. அப்படிச் சொன்ன நிமிஷம், அவர் நிஜமாகவே வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது போல நிம்மதியாக இருந்தது. பிள்ளை என் வெறும் நெற்றியைப் பார்த்தது. எங்கள் பக்கம் மாதா கோயிலுக்குப் போகிற, பொட்டு வைக்காத வேதக்காரப் பெண்கள் நிறைய. என்னையும் அப்படி நினைத்திருக்க வேண்டும். சரி, இந்த ஒரு தடவை என்று தாளைத் தள்ளியது. அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டேன்.

"மீட்டர் பூட்ட அடுத்த கெழம வருவாங்க. அன்னைக்கு ஐயாவ கட்டாயம் வீட்டுல இருக்கச் சொல்லுங்க."

"இருப்பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.